‘அணு ஃபில்டர்’ வாங்கலாமா? திருக்கோவில் தாய்க்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, நாங்க திருக்கோவில் பக்கம். வீட்டுல 18 அடி கிணறு, பைப் லைன் இன்னும் எங்கட ஒழுங்கைக்கு வரல்ல. குடிக்கிறதுக்கு மட்டும் சாகாமத்துல அண்ணன்ட வயல் வளவுல பாறைக்குள்ள அடிச்ச 140 அடி குழாய்க்கிணத்துல இருந்து கேன்ல எடுத்து வருவம். போன கிழமை ஒரு ஃபில்டர் கொம்பனி ஆள் வந்து ரெண்டு தண்ணியையும் டெஸ்ட் பண்ணிக் காட்டினார், பாறைத் தண்ணியில ரேடியேஷன் இரிக்காம், கடற்கரைக் கறுப்பு மண்ணாலயும் வருமாம், ஜப்பான்காரன் கடலுக்குள்ள விட்ட அணுத்தண்ணி நம்மட பக்கமும் வந்திட்டாம். அவர்ட மெஷின் எல்லாத்தையும் அழிச்சிருமாம், 185,000 ரூபா, தவணைக்கும் தருவாராம். எனக்கு 7 மாசப் புள்ள இரிக்கு, அவர் கட்டார்ல, கேட்டா “வாங்கு” எண்டுதான் சொல்றார். கொதிக்க வெச்சுக் குடிச்சாப் போதாதா? — ஒரு தாய்

பதில்:

தங்கச்சி, முதல்ல அட்வான்ஸ் காசக் குடுக்காதீங்க. குடுத்திட்டீங்களெண்டா ரசீதப் பத்திரமா வையுங்க, மிச்சத்த ஆறுதலாக் கதைப்பம்.

அந்த ஆள் செஞ்ச டெஸ்ட்ட நீங்க விளக்கமா எழுதினது நல்லதாப் போச்சு. ரெண்டு கிளாஸ், ஒண்டுல உங்கட தண்ணி, மத்ததுல அவர் கொண்டு வந்த தண்ணி, கம்பி உள்ள ஒரு பெட்டிய ரெண்டுக்குள்ளயும் விட்டு கரண்ட் குடுக்க உங்கட கிளாஸ் செங்கல் கரைச்ச மாதிரிக் கலங்கிச்சு, அவர்ட கிளாஸ் அப்பிடியே கண்ணாடி மாதிரி நிண்டுது, “பாருங்கக்கா இதத்தான் புள்ளைக்குக் குடுக்கிறீங்க” எண்டாராம். நான் தண்ணி லாப்ல 20 வருசத்துக்கு மேல வேலை செஞ்சவன், இந்த வித்தைய மட்டக்களப்புலயும் பாத்திரிக்கன் கல்முனையிலயும் பாத்திரிக்கன். அந்தக் கலங்கல் உங்கட தண்ணியில இருந்து வந்ததில்ல, அந்தக் கம்பியில இருந்து வந்தது. கம்பி இரும்பு, கரண்ட் போனா இரும்பு கரைஞ்சு துருவாகி மிதக்கும். கரண்ட் போறதுக்குத் தண்ணியில கொஞ்சம் உப்பு வேணும், கிணத்துத் தண்ணியில இயற்கையாவே உப்பு இரிக்கு, அவர்ட தண்ணி ஆர்.ஓ. தண்ணி (மெல்லிய சவ்வுக்குள்ளால அமத்தி வடிச்சது), அதுல உப்பில்ல, அதால கரண்ட் போகல்ல, கம்பியும் கரையல்ல. மறுகா வந்தாரெண்டா அவர்ட கிளாஸுக்குள்ள ஒரு சிட்டிகை கறி உப்பப் போட்டுட்டு “இப்பக் காட்டுங்க தம்பி” எண்டு சொல்லிப் பாருங்க. தேத்தண்ணி குடிக்கவும் நிக்க மாட்டார்.

பேனா மாதிரி ஒண்ட விட்டு நம்பர் காட்டினதும் இதே சாதிதான். அது டி.டி.எஸ். மீட்டர், கரைஞ்ச உப்பு மொத்தமா எவ்வளவு எண்டு மட்டும் காட்டும். கதிர் விடுற சாமான்ல ஒண்டு யுரேனியம், குடிதண்ணியில அது ஒரு லீட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 30 மைக்ரோகிராம் எண்டா 0.03 மில்லிகிராம். அந்தப் பேனா எண்ணுறது ஒவ்வொரு மில்லிகிராமாத்தான், அதால யுரேனியம் இந்த அளவப் போல பத்து மடங்கு இரிந்தாலும் பேனாவுக்குத் தெரியாது.

ரேடியம் எண்ட கதிரியக்க உலோகத்தக் கண்டு புடிக்கிறது இன்னும் கஷ்டம். பெக்கரல் எண்டு ஒரு அளவு இரிக்கு, ஒரு செக்கனுக்கு ஒரு அணு உடைஞ்சா அது ஒரு பெக்கரல். ரேடியம்-226க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற வழிகாட்டி அளவு லீட்டருக்கு 1 பெக்கரல். இதச் சாமானா நிறுத்துப் பாத்தா எவ்வளவு வரும் எண்டு நினைக்கிறீங்க? ஒரு கிராம் ரேடியத்த 3,700 கோடி லீட்டர் தண்ணியில கரைச்சாத்தான் லீட்டருக்கு 1 பெக்கரல் வரும். நம்மட இங்கினியாகலை சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பி வான் பாயக்குள்ள சுமார் 770,000 ஏக்கர் அடி, அதாவது 95,000 கோடி லீட்டர் தண்ணி நிக்கும், அந்தச் சமுத்திரம் முழுக்க அந்த அளவுக்குக் கொண்டு வர 26 கிராம் போதும், மூண்டேகால் பவுண் நகை நிறை. இவ்வளவு நுணுக்கமான ஒண்ட வீட்டு விறாந்தையில ரெண்டு கிளாஸ வெச்சு ஒராள் காட்டிப்போட்டார் எண்டா அவருக்கு நோபல் பரிசு குடுக்கணும். கையில புடிக்கிற, கதிர எண்ணுற கைகர் கருவிய தண்ணிக் கிளாஸுக்குப் பக்கத்துல புடிச்சாலும் இந்த அளவெல்லாம் தெரியாது, லாப்ல தண்ணிய வத்த வெச்சு அடியில மிஞ்சுறத ஈயக் கவசத்துக்குள்ள வெச்சு மணித்தியாலக் கணக்கா எண்ணணும்.

சரி, அவர் காட்டின டெஸ்ட் பொய். ஆனா அதுக்காக உங்கட கேள்வி பொய்க் கேள்வி ஆகாது. பாறைக்குள்ள அடிச்ச குழாய்க்கிணத்துல கதிரியக்கச் சாமான் இரிக்க ஏலுமா எண்டா ஏலும். மட்டக்களப்பு அம்பாறை முழுக்கக் கீழ கிடக்கிறது பழங்காலத்து ‘நைஸ்’ எண்ட வரிக் கல்லும் கருங்கல் சாதியும்தான், புவியியல்காரர் விஜயன் தொகுதி எண்டு சொல்லுவாங்க. கருங்கல் எண்டா அதுக்குள்ள ஒள்ளுப்பம் யுரேனியமும் தோரியமும் எப்பவும் இரிக்கும், உலகத்துல எங்கயும் அப்பிடித்தான். பின்லாந்துல வீடு வீடா கருங்கல்லுக்குள்ள கிணறு அடிச்சாங்க, அதுல யுரேனியமும் ரேடனும் நல்லா ஏறி நிண்டத அளந்திரிக்காங்க, ரேடன் லீட்டருக்கு ஆயிரக்கணக்கான பெக்கரல் வரைக்கும் போன கிணறெல்லாம் இரிக்கு. இந்தியாவுல பஞ்சாப் குழாய்க்கிணறுகள்ல யுரேனியம் பெரிய பிரச்சினை. அதுக்காக சாகாமத்துக் கிணத்துலயும் அப்பிடியெண்டு நான் சொல்லல்ல, அளக்காமச் சொல்ல ஏலா. அளக்கலாம், அதுக்கு வாறன்.

அதுக்கு முதல் ஒரு விசயம். “மெஷின் ரேடியேஷன அழிச்சிரும்” எண்டு சொன்னாராமே, அப்பிடி ஒரு மெஷின் உலகத்துல ஒரு நாட்டுலயும் இல்ல. கிருமிய அழிக்கலாம், குளோரின் போட்டாச் சாகும், கொதிக்க வெச்சாச் சாகும், யு.வி. லைட்டுக்குச் சாகும். கதிரியக்க அணு அப்பிடிச் சாகாது, அது தன்ட நேரத்துக்குத்தான் உடையும். அயடின்-131 எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாகும், சீசியம்-137க்கு 30 வருசம், ரேடியம்-226க்கு 1,600 வருசம், யுரேனியம்-238க்கு 447 கோடி வருசம், சூடாக்கினாலும் ஐஸாக்கினாலும் இதுல ஒரு நாள் கூடாது குறையாது. அப்ப தண்ணிச் சுத்திகரிப்பு எண்டு நாங்க செய்யிறது என்ன? இடம் மாத்துறது. தண்ணியில இருந்து ரெசினுக்கு (கரைஞ்ச சாமானப் புடிச்சு வைக்கிற சின்ன மணிகள்), மணலுக்கு, கழிவுத் தண்ணிக்கு, இல்லாட்டி காத்துக்கு. அதால எவர் ஃபில்டர் விக்க வந்தாலும் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க, “எதப் புடிக்குது?”, “புடிச்சது பிறகு எங்க போகுது?” இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாட்டி கேற்ற மூடிரலாம்.

எதப் புடிக்குது எண்டு ஏன் கேக்கச் சொல்றனெண்டா, ‘கதிரியக்கம்’ எண்டு ஒரு தனிச் சாமான் கிடையாது. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு குணம். உங்கட அண்ணன்ட கிணத்துல இரிக்கச் சாத்தியமானது மூண்டு, ரேடன், ரேடியம், யுரேனியம்.

ரேடன் வாயு. நிறமில்ல மணமில்ல. பாறைக்குள்ள இரிக்கிற ரேடியம் உடைஞ்சு வாறது, நிலத்துக்குக் கீழ தண்ணியில கரைஞ்சு நிக்கும், வெளிய வந்தவுடன பறக்கப் பாக்கும், சோடாப் போத்தல் மூடியத் திறந்தா காஸ் போகுதே அப்பிடி. அதால இதுக்கு 185,000 ரூபா தேவையில்ல. உயரத்துல இருந்து வாளிக்குள்ள ஊத்தி ஊத்தி ஆத்தினாலே கனக்கப் போயிரும், கொதிக்க வெச்சா இன்னும் போகும், சும்மா தாங்கியில வெச்சாக்கூட நாலு நாளைக்குள்ள பாதிக்கு மேல தானாவே உடைஞ்சிரும், அதின்ட அரை ஆயுள், அதாவது பாதியாக எடுக்கிற காலம், 3.8 நாள்தான். பெரிய அளவுல செய்யக்குள்ள தண்ணிய மேல இருந்து சிதற விட்டு கீழ இருந்து காத்து ஊதுவாங்க, நல்லாச் செஞ்சா நூத்துக்கு 99 வரைக்கும் எடுக்கலாம். இதுல பகிடி என்னெண்டா, பெரிய பெரிய விலைக்கு விக்கிற ஆர்.ஓ. மெஷின் ரேடனப் புடிக்கவே புடிக்காது, வாயு அந்த மெம்பிரேன் எண்ட சவ்வுக்குள்ளால பூந்து போயிரும். குடிக்கிறத விட அது மூச்சுக்குள்ள போறதுதான் கூடாது, அதால ஆத்துறதா இருந்தா வெளிய கிணத்தடியில, காத்து அடிக்கிற இடத்துல ஆத்துங்க, அடைச்ச குசினிக்குள்ள வேணாம். சில இடங்கள்ல ரேடனுக்குக் கரி ஃபில்டர் போடுவாங்க, அதுவும் புடிக்கும், ஆனா புடிச்ச ரேடன் அந்தக் கரிக்குள்ளயே உடைஞ்சு ஈயம்-210 ஆகிக் குந்தி இரிக்கும், அதுக்கு 22 வருச அரை ஆயுள், கடைசியில அந்தக் கரிதான் கதிர் விடுற சாமானாகும். பாத்தீங்களா, புடிச்சது எங்க போகுது எண்ட கேள்வி திரும்பவும் வந்திட்டு.

ரேடியத்துக்குக் குணம் கல்சியத்திட குணம். அதனாலதான் அது பயம், உடம்புக்குள்ள போனா உடம்பு அதக் கல்சியம் எண்டு நினைச்சு எலும்புல கொண்டு போய் வைக்கும். 1920கள்ல அமெரிக்காவுல ரேடியம் கரைச்ச தண்ணிய ‘சத்து மருந்து’ எண்டு போத்தல்ல வித்தாங்க தெரியுமா, ரேடிதோர் எண்டு பேர், ஈபென் பையர்ஸ் எண்ட பணக்காரர் அத நூற்றுக்கணக்கான போத்தல் குடிச்சு தாடை எலும்பு உக்கி 1932ல செத்தார். அந்தக் காலத்து வியாபாரி தண்ணிக்குள்ள ரேடியம் இரிக்கு எண்டு சொல்லி வித்தான், இந்தக் காலத்து வியாபாரி இல்லாம ஆக்கித் தாறன் எண்டு விக்கிறான். கல்சியக் குணம் எண்டதால எடுக்கிறதும் லேசு. தண்ணித் தடிப்ப, அதாவது கல்சியம் மாதிரி உப்புகள, எடுக்க ஹோட்டல்கள்ல போடுற சொஃப்டனர் இரிக்கே, உப்புப் போட்டுக் கழுவுற ரெசின் தாங்கி, அது கல்சியத்தப் புடிக்கிறத விட இறுக்கமா ரேடியத்தப் புடிக்கும். சுண்ணாம்பு போட்டுத் தடிப்பெடுக்கிற முறையிலயும் போகும், ஆர்.ஓ.விலயும் நூத்துக்கு 90க்கு மேல போகும். மங்கனீஸ் ஒக்சைட் பூசின மணலும் ரேடியத்துக்கு ஆசையான சாமான், அதுல ஒட்டிரும்.

யுரேனியம் வேற சாதி. தண்ணிக்குள்ள அது கார்பனேட்டோட சேந்து எதிர் மின்னேத்தத்தோட நிக்கும், அதால ரேடியத்தப் புடிக்கிற ரெசின் இதப் பெரும்பாலும் விட்டிரும், அதுக்கு எதிர்ப்பக்கத்து ரெசின் வேணும். ஒரே தாங்கிய வெச்சு ரெண்டையும் புடிப்பன் எண்டு சொல்ற ஆள் ஒண்டில் தெரியாம சொல்றார் ஒண்டில் தெரிஞ்சு சொல்றார். ஆர்.ஓ. இதையும் எடுக்கும். யுரேனியத்துல கதிர விட, ஒரு உலோகமா அது சிறுநீரகத்தப் பழுதாக்கிறதுதான் முதல் கவலை, அந்த 30 மைக்ரோகிராம் அளவும் அதுக்காக வெச்சதுதான்.

கொதிக்க வெச்சாப் போதாதா எண்டு கேட்டீங்க. ரேடனுக்கும் கிருமிக்கும் போதும். ரேடியம், யுரேனியம், நைட்ரேட் (உரத்துலயும் மலக்குழியிலயும் இருந்து வாற உப்பு) இதுகளுக்குப் போதாது, தண்ணி ஆவியாப் போக இதுகள் அடியில நிண்டிரும், கனநேரம் வத்த வெச்சா தண்ணியில கூடத்தான் செய்யும். கேத்தலுக்குள்ள வெள்ளையா படியுதே அதப் போல. அதால புள்ளைக்கு வைக்கிற தண்ணிய ஒருக்காக் கொதிச்சு வந்தவுடன இறக்கிருங்க, அரை மணித்தியாலமெல்லாம் விட வேணாம்.

இப்ப ஜப்பான் கதை. 2023 ஓகஸ்ட் 24ல இருந்து புகுஷிமாவுல (2011ல விபத்து நடந்த அணு உலை) சேத்து வெச்ச தண்ணிய கடலுக்கு விடத் தொடங்கினது மெய்தான். அத முதல்ல ஏ.எல்.பி.எஸ். எண்ட ஒரு சுத்திகரிப்புக்குள்ளால விடுறாங்க, 62 வகை கதிரியக்கச் சாமான எடுக்கத்தான் அதச் செஞ்சது, எல்லாம் ரெசினும் உறிஞ்சுற சாமானும்தான், நான் மேல சொன்ன வேலையேதான், அளவு மட்டும் பெரிசு. எடுக்க ஏலாம நிக்கிற ஒண்டு ட்ரிட்டியம். ஏன் ஏலாது? ட்ரிட்டியம் ஒரு ஐதரசன், அது தண்ணிக்குள்ள கரைஞ்சு நிக்கிறதில்ல, அதுவே தண்ணியா நிக்குது. தண்ணியில இருந்து தண்ணிய எப்பிடி வடிக்கிற? சீனியத் தேத்தண்ணியில இருந்து எடுக்கலாம் எண்டு வையுங்க, பாலுக்குள்ள ஊத்தின தண்ணிய எடுக்க ஏலுமா? உங்கட வியாபாரிட மெஷினும் அத எடுக்காது. அங்க கடல் தண்ணியக் கலந்து லீட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழ கொண்டு வந்து விடுறாங்க, குடிதண்ணிக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்ற ட்ரிட்டிய அளவு 10,000 பெக்கரல். அதுக்கு மேல, உங்கட கிணத்துக்குத் தண்ணி வாறது பசிபிக் கடல்ல இருந்தில்ல தங்கச்சி, மாரி மழையில இருந்து.

அணு உலை வெடிச்சா குடிதண்ணிக்கு என்ன நடக்கும் எண்டு பாக்கணுமெண்டா 2011 மார்ச்சப் பாருங்க. தோக்கியோவுல கனமாச்சி எண்ட சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணியில அயடின்-131 ஒரு கிலோவுக்கு 210 பெக்கரல் கிடந்துது, பெரியாக்களுக்கு அங்க 300, கைக்குழந்தைக்கு 100. அதால “புள்ளைகளுக்கு மட்டும் பைப் தண்ணி குடுக்காதீங்க” எண்டு அறிவிச்சு குழந்தை உள்ள வீடுகளுக்குப் போத்தல் தண்ணி பங்கிட்டாங்க, ரெண்டு மூண்டு நாளைக்குள்ள அளவு கீழ இறங்கிட்டுது. அந்த அயடின் மழையோட திறந்த ஆத்துல விழுந்து வந்தது. இதுல நமக்கு ஒரு பாடம் கிடக்கு, அப்பிடி ஏதும் ஒரு நாள் நடந்தா மேல திறந்து கிடக்கிற குளத்துத் தண்ணிதான் முதல்ல மாட்டும், மூடின கிணறும் குழாய்க்கிணறும் கடைசியாத்தான் மாட்டும். ரேடனுக்கு நேர்மாறு, குளத்துல ரேடன் நிக்காது, பாறைக் கிணத்துலதான் நிக்கும். சீசியம் களிமண்ணோட ஒட்டிக் கிடக்கிற சாதி, அதால படிகாரம் போட்டு சேத்த இறக்கி மணல்ல வடிக்கிற சாதாரண நிலையமே அதுல நல்ல பங்க எடுத்திரும், உன்னிச்சைக் குளத்துத் தண்ணிய வவுணதீவுல வடிக்கிற மாதிரி வேலைதான்.

கடற்கரைக் கறுப்பு மண்ணப் பத்தி உங்கட ஊருல கதைக்காத ஆள் இல்ல, அந்த மண்ணுல உள்ள இல்மனைட் எண்ட கனியத்தத் தோண்டுறதுக்கு எதிரா சனம் ரோட்டுல இறங்கினதும் தெரியும். அந்தக் கறுப்பு மண்ணோட இப்பிடிக் கரைகள்ல மொனசைட் எண்ட ஒரு மணலும் கொஞ்சம் சேந்து கிடக்கலாம், அதுக்குள்ளதான் தோரியம் இரிக்கு. ஆனா தோரியம் தண்ணியில லேசுல கரையாது. மண்ணத் தோண்டினா கரை அரிக்கும், கிணத்துக்குள்ள உப்பு வரும், அதுக்கு எதிர்ப்புக் காட்டுங்க, நானும் வாறன். அத விட்டுட்டு தோரியம் கிணத்துக்குள்ள வருது எண்டு ஃபில்டர் வித்தா நம்ப வேணாம்.

இளநி குடிப்பீங்கதானே? இளநியில பொட்டாசியம் கூட, பொட்டாசியத்துல ஒரு சிறு பங்கு இயற்கையாவே கதிரியக்கம், பொட்டாசியம்-40. கணக்குப் பாத்தா ஒரு லீட்டர் இளநியில சுமார் 70 பெக்கரல் வரும். குடிதண்ணிக்கு மொத்த பீட்டா (பீட்டா எண்ட வகைக் கதிர் எல்லாம் சேத்து) அளவு லீட்டருக்கு 1 பெக்கரல் எண்டு வெச்சிரிக்க, இளநி எழுபது! அதுக்காக இளநிய விடுறதா? உடம்பு பொட்டாசியத்த எப்பவும் ஒரே அளவுல வெச்சு மிச்சத்த வெளிய விட்டிரும், அதால அது சேராது. ஒரு நம்பரக் காட்டிப் பயங்காட்டுறது எவ்வளவு லேசு எண்டு விளங்கத்தான் சொல்றன்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. புள்ளைக்காக எண்டா முதல் டெஸ்ட் கதிரியக்கமே இல்ல. 18 அடி மணல் கிணறு, சுத்திவர வீடு, வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி, பக்கத்துல உரம் போடுற தோட்டம். நம்மட கரைப் பக்கத்துக் கிணறுகள்ல நான் வருசக்கணக்காப் பாத்தது நைட்ரேட்டும், மலத்துல இருந்து வாற ஈ. கோலி எண்ட கிருமியும்தான். நைட்ரேட் லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போனா கைக்குழந்தைட ரத்தம் ஒக்சிசன் சுமக்க ஏலாம நீலம் பாரிக்கலாம், கொதிக்க வெச்சாலும் போகாது. இதக் கேட்டு எந்தக் கொம்பனியும் கதவத் தட்டாது, ஏனெண்டா நைட்ரேட் எண்ட சொல்லுல பயம் இல்ல, அணு எண்ட சொல்லுலதான் காசு இரிக்கு. உங்கட பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போய் கிணத்துத் தண்ணி கிருமி டெஸ்டுக்கு எடுக்கச் சொல்லுங்க, நீர் வழங்கல் சபை லாப்ல நைட்ரேட், ஃபுளோரைட், இரும்பு, தடிப்பு பாக்கலாம். குழாய்க்கிணத்துக்கு ஃபுளோரைட்டக் கட்டாயம் பாருங்க. மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் இடையில 50 அடியாவது இரிக்கா எண்டு ஒருக்கா அடி அளந்து பாருங்க, அதுக்கு ஒரு சதமும் செலவில்ல.

குழாய்க்கிணத்துக் கதிரியக்கத்துக்கு இலங்கை அணுசக்தி சபை இரிக்கு, ஒருகொடவத்தையில. போன் பண்ணி “குடிதண்ணிக்கு மொத்த அல்ஃபா, மொத்த பீட்டா பாக்கணும், எவ்வளவு தண்ணி, எந்தப் போத்தல்ல, எவ்வளவு காசு” எண்டு கேளுங்க. அல்ஃபாவும் பீட்டாவும் ரெண்டு வகைக் கதிர். கேக்காம சோடாப் போத்தல்ல புடிச்சு பஸ்ஸுல அனுப்பாதீங்க, ரேடியமும் யுரேனியமும் போத்தல் சுவருல ஒட்டாம இரிக்க அமிலம் விடணும், ரேடன் பாக்கிறதெண்டா ஒரு காத்துக் குமிழும் இல்லாம தண்ணிக்குள்ள வெச்சே மூடி இறுக்கணும், பம்ப் போட்டவுடன புடிக்காம கொஞ்ச நேரம் ஓட விட்டுப் புடிக்கணும். ரிசல்ட் வந்தா லீட்டருக்கு மொத்த அல்ஃபா 0.5 பெக்கரலுக்கும் மொத்த பீட்டா 1 பெக்கரலுக்கும் கீழ இரிக்கா எண்டு மட்டும் பாருங்க. ரெண்டும் கீழ எண்டா மேல பாக்கத் தேவையில்ல. கூட வந்தா உடன தண்ணி நஞ்செண்டு அர்த்தமில்ல, எந்தச் சாமானால கூடுது எண்டு அடுத்த டெஸ்ட் செய்யணும் எண்டுதான் அர்த்தம். அந்த அளவெல்லாம் ஒரு வருசம் குடிச்சா 0.1 மில்லிசீவேர்ட்டுக்கு (உடம்புல படுற கதிர அளக்கிற அலகு) மேல போகக்கூடாது எண்ட கணக்குல வந்தது, சும்மா பூமியில உசிரோட இரிக்கிறதுக்கே சராசரியா வருசம் 2.4 மில்லிசீவேர்ட் எல்லாருக்கும் படுது.

ரிசல்ட் கூடி ரேடியமோ யுரேனியமோ எண்டு தெரிஞ்சா, அப்ப ஆர்.ஓ. போடுங்க, நானே சொல்லுவன். அந்த ஆள் விக்கிறது பொய்ச் சாமான் இல்ல, பொய்க் கதையோட விக்கிற மெய்ச் சாமான், விலைதான் அநியாயம். குடிக்கிற, சமைக்கிற தண்ணிக்கு மட்டும் ஒரு சின்ன ஆர்.ஓ. போதும், குளிக்கிற தண்ணிக்கெல்லாம் தேவையில்ல, ரேடியம் தோலுக்குள்ளால பூந்து வாற சாமான் இல்ல. ஆனா ஒரு லீட்டர் நல்ல தண்ணி தர ரெண்டு மூண்டு லீட்டர் கழிவா வெளிய போகும், புடிச்ச உப்பு, நைட்ரேட், ரேடியம் எல்லாம் அதுக்குள்ளதான். எல்லாரும் அந்தக் குழாய வாழையடியில விடுவாங்க, வாழைக்கு நல்லம் எண்டு. மணல் தரையில வாழையடிக்கு விட்டது நாலு நாளைல கிணத்துக்கு வரும், மறுகா அதையே இறைச்சு மறுகா வடிக்க வேண்டியதுதான். கிணத்துல இருந்து தள்ளி, நிலத்தடித் தண்ணி ஓடுற பக்கத்துக்கு, அதாவது கிணத்தத் தாண்டிக் கடல் பக்கமா விடுங்க. பழைய மெம்பிரேனையும் ரெசினையும் புள்ளையள் விளையாடுற இடத்துல எறியாதீங்க, வாய் கட்டின பையில வெச்சு பிரதேச சபைக் குப்பைக்குக் குடுங்க.

சுனாமிக்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் மறக்கேல்ல. 2004 டிசம்பர் முடிய, கிணறெல்லாம் உப்பு, உதவிக்கு வந்த எல்லாரும் ஆளுக்கொரு பம்ப் கொண்டு வந்து கிணத்த இறைச்சாங்க, ஒரே கிணத்த மூண்டு நாலு தரம், படமும் எடுத்தாங்க. நம்மட மணலுக்குக் கீழ நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல ஒரு படலமாத்தான் மிதக்குது, இறைக்க இறைக்க மேல இரிந்த நல்லது போய் கீழ கிடந்த உப்பு ஏறி வந்துது. நானும் ஒரு கிணத்துக்குப் பம்ப் புடிச்சவன்தான், வெக்கத்த விட்டுச் சொல்றன். பிறகு அதக் கழுவித் தந்தது மழை. அளக்காம அவசரப்பட்டு மெஷின வைக்காதீங்க எண்டுதான் இதச் சொல்றன்.

புள்ளைக்கு, நைட்ரேட் ரிசல்ட் வாற வரைக்கும், வீட்டுக் கிணத்துத் தண்ணி வேணாம். குழாய்க்கிணத்துத் தண்ணிய வெளிய வெச்சு நல்லா ஆத்தி, ஒருக்காக் கொதிக்க வெச்சு, மூடி வெச்சுக் குடுங்க, தாய்ப்பாலையும் விடாதீங்க. கட்டார்ல இரிக்கிற மாப்பிள்ளைக்கு இந்தப் பதிலையே வட்ஸ்அப்ல அனுப்பி விடுங்க, 185,000 மிச்சம் எண்டா அவர் வாசிப்பார்.

மறுகா எழுதக்குள்ள ரெண்டு விசயம் கேட்டு எழுதுங்க. அண்ணன்ட குழாய்க்கிணத்துல எத்தினை அடியில கல்லு தட்டிச்சு, தண்ணி வெளிய வெச்சா ஒரு மணித்தியாலத்துல சிவக்குதா இல்லையா. சிவக்குதெண்டா அதுல இரும்பு இரிக்கு, அப்ப ஆர்.ஓ.வுக்கு முதல் வேற ஒரு வேலை செய்யணும், இல்லாட்டி மெம்பிரேன் மூண்டு மாசத்துல அடைச்சிரும்.